ஒட்டுநாடாவும் உழைப்பவர் முதுகும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

உடல் உழைப்பை நம்பியே உயர்ந்த ஊர்கள் எவை என்று வினவினால், தமிழகத்தில் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை நம் விருதுநகர் மாவட்டத்து ஊர்களே எனலாம். இங்கே வற்றாத ஆறு இல்லை. தவறாத மழையும் இல்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில் பிறந்த மக்கள், வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் தம் கைகளைப் பார்த்தனர். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாற்றைச் சிவகாசியில் சிறு பிள்ளையும் சொல்லும். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் சீட்டு ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வளர்ந்தது. நேரு பெருமகனார் இவ்வூரைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைத்ததாகச் சொல்லி இன்றும் நாம் பெருமை கொள்கிறோம்.

அந்தப் பெரிய ஜப்பானிலிருந்து இக்குட்டி ஜப்பானுக்கு இப்போது ஒரு பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. நீலம், கறுப்பு, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில், ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில், ஐந்து மீட்டர் நீளச் சுருளாக விற்கப்படும் ஒட்டுநாடா அது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வலிக்கும் இடத்தில் தோலின்மேல் இதை ஒட்டிக்கொண்டால் தசை வலி தீரும் என்கிறார்கள். முதலில் விளையாட்டுத் திடலில் கபடி வீரர்களின் தோளிலும் முழங்காலிலும் கண்டோம். இன்று மருந்துக் கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் காண்கிறோம். பட்டாசு ஆலைக்கு வேன் ஏறிச் செல்லும் பெண்களின் கழுத்திலும் இடையிலும்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணத் தொடங்கிவிட்டோம்.

இந்நாடா நல்லதா, கெட்டதா? ஏழைத் தொழிலாளி இதற்குச் சில நூறு ரூபாய் செலவழிப்பது தகுமா? இக்கேள்வியை மருத்துவர்கள் மட்டுமே ஆராய வேண்டும் என்பதில்லை. இக்கல்லூரியில் பயில்வோரில் பலர் தாயோ தந்தையோ உட்கார்ந்தும் குனிந்தும் சுமந்தும் ஈட்டிய கூலியால் படிப்பவர்கள். ஆகவே இது நம் வீட்டுக் கேள்வி. நான் அறிந்த அளவில் இதற்கு விடை காண முயல்கிறேன்.

நாடாவின் கதை

ஜப்பானியரான கென்சோ காசே என்பவர் 1970-களில் இந்நாடாவை உருவாக்கினார். அதற்கு முன்பும் விளையாட்டு வீரர்கள் நாடா கட்டியதுண்டு. ஆனால் அது நீளாத, விறைப்பான நாடா; மூட்டை அசையவிடாமல் இறுக்கிப் பிடிப்பதே அதன் வேலை. அசைவைத் தடுக்காமல் தோலோடு சேர்ந்து நீண்டு சுருங்கும் நாடா வேண்டும் என்று காசே எண்ணினார். பருத்தித் துணியில் மீள்தன்மையுள்ள இழையைச் சேர்த்து, பின்புறம் அக்ரிலிக் பசை தடவி, நனைந்தாலும் சில நாட்கள் உரியாமல் இருக்கும்படி செய்தார். இந்நாடா தோலைச் சற்றே மேலே தூக்கும். அதனால் தோலுக்கும் தசைக்கும் இடையே இடைவெளி உண்டாகும். அவ்வழியே இரத்தமும் நிணநீரும் நன்றாக ஓடும். வலி குறையும் என்பதே அவர் தந்த விளக்கம்.

1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பானிய வீரர்கள் இதை அணிந்து ஆடியபோது பிற நாட்டார் கவனித்தனர். ஆனால் உலகமெங்கும் பெயர் பரவியது 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில்தான். அப்போது 58 நாடுகளின் அணிகளுக்கு இந்நாடா இலவசமாக வழங்கப்பட்டது. அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெரி வால்ஷ் தோளில் கறுப்பு நாடாவுடன் ஆடித் தங்கப் பதக்கம் வென்றதைத் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். 2012-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில், ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோல் அடித்த இத்தாலிய வீரர் பாலோட்டெலி சட்டையைக் கழற்றி நின்றபோது, அவர் முதுகில் மூன்று நீலப் பட்டைகள் இருந்தன. அவ்வொரு படம் செய்த விளம்பரத்தைக் கோடி ரூபாய் கொடுத்தாலும் செய்திருக்க முடியாது.

இங்கே பொருளியல் மாணவன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருளை இலவசமாகக் கொடுத்து வெற்றியாளரின் உடலில் ஒட்டச் செய்தபின், அவர் வென்றதும் அப்பொருளால் வென்றதாக மக்கள் எண்ணுவது இயல்பு. வால்ஷின் வெற்றிக்குப் பின்னால் இருந்தது பல்லாண்டுப் பயிற்சி. அப்பயிற்சியைப் படம் பிடிக்க முடியாது; நாடாவைப் படம் பிடிக்கலாம்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

விளம்பரத்தை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வருவோம். பிரேசில் நாட்டில் நெடுநாள் இடுப்புவலியால் வருந்திய 148 பேரை இரு பிரிவாகப் பிரித்து ஒரு சோதனை செய்தனர். அதன் முடிவு 2014-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு விதிப்படி நாடாவை இழுத்து, தோலில் மடிப்பு விழும்படி ஒட்டினர். மற்றப் பிரிவினருக்கு அதே நாடாவை இழுக்காமல், மடிப்பு எதுவும் விழாமல் சும்மா ஒட்டினர். தோலைத் தூக்குவதுதான் வலியைக் குறைக்கிறது என்றால் முதற்பிரிவினருக்கே வலி நன்கு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நான்கு வாரங்கள் கழித்துப் பார்த்தால் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தோலைத் தூக்குதல் என்ற கொள்கையின் அடித்தளமே இச்சோதனையில் ஆட்டம் கண்டது.

ஹாங்காங்கில் நடந்து 2015-இல் வெளிவந்த மற்றொரு சோதனை இன்னும் சுவையானது. இந்நாடாவைப் பற்றி முன்பின் அறியாத 30 பேரைத் தேர்ந்தெடுத்தனர். 'தசையை அளக்கும் கருவியை ஒட்டுகிறோம்' என்று மட்டும் சொல்லி, தொடைத் தசையின்மேல் ஒருமுறை முறைப்படியும், ஒருமுறை போலியாகவும் நாடாவை ஒட்டினர். ஒருமுறை ஒட்டாமலும் விட்டனர். மூன்று நிலையிலும் தசையின் வலிமையில் வேறுபாடு தோன்றவில்லை. நாடா பலம் தரும் என்று முன்னரே கேள்விப்பட்டவர்க்கு ஏற்படும் ஊக்கத்தை, நாடாவைப் பற்றியே அறியாதவர் பெறவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

அதே 2014-இல், அதுவரை நடந்த பல சோதனைகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஆய்வும் தசை, எலும்பு, மூட்டு நோய்களுக்கு இந்நாடாவைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. ஆக, நாடா நோயைத் தீர்க்கும் மருந்தன்று. தகுதியுள்ள இயன்முறை மருத்துவர் பயிற்சிகளோடு சேர்த்து, சிலருக்குச் சில நாட்களுக்கு ஒட்டிவிடும் துணைப்பொருள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்படியானால் வலி குறைவது எப்படி?

'ஒட்டியதும் எனக்கு வலி குறைந்ததே' என்று சொல்லுவோர் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தை கீழே விழுந்து முழங்காலை இடித்துக்கொண்டால் தாய் உடனே அவ்விடத்தைத் தடவிவிடுகிறாள். குழந்தையின் அழுகை அடங்குகிறது. மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். தண்டுவடத்தில் ஒரு 'வாயில்' இருப்பதாகக் கொள்வோம். தொடுதல், தடவுதல், அழுத்துதல் ஆகிய உணர்ச்சிகள் அவ்வாயிலுக்கு வரும்போது, வலியின் செய்தி மூளைக்குச் செல்வது ஓரளவு தடைப்படுகிறது. தோலின்மேல் எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கும் நாடாவும் இதையே செய்யக்கூடும். தாயின் கை செய்த வேலையை நாடா செய்கிறது.

நம் பாட்டிமார் கண்ட தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம், நல்லெண்ணெய் தடவி நீவிவிடுதல் ஆகியவற்றின் பயனும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு தலைமுறைக்கு முன் நம் வீடுகளில் இடுப்பில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்திரியிலும், விருதுநகர் மண்டிகளில் மலைமலையாகக் குவியும் வத்தலின் காரச் சத்து சேர்ந்த வகை உண்டு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற அப்பொருளைக் கொண்டுதான் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிஞர் நரம்பு முனையில் சூட்டையும் எரிச்சலையும் உணரும் புரதத்தைக் கண்டறிந்தார். தொடுவுணர்ச்சியை ஆராய்ந்த ஆர்டெம் படாபூடியனுடன் அவர் 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் ஊர்ச் சரக்கு நோபல் மேடை வரை சென்றிருக்கிறது என்று மகிழலாம். ஆனால் பிளாஸ்திரியாயினும் ஒத்தடமாயினும் நாடாவாயினும் அவை தொடுவது வலியின் செய்தியைத்தான்; வலியின் வேரை அவை தொடுவதில்லை.

நம் ஊர் வலி எங்கே பிறக்கிறது?

நோய் இன்னதென்று அறிந்தபின் அதன் காரணத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் நமக்கு வழிகாட்டினார். இத்தாலிய மருத்துவர் ரமசினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, அவர் செய்யும் தொழில் என்ன என்பதையும் கேட்டறிய வேண்டும் என்றார். நாமும் கேட்போம். நம் மாவட்டத்து முதுகுகள் என்ன தொழில் செய்கின்றன?

பட்டாசு ஆலைகளில் குழாய் உருட்டுவோரும், திரி வெட்டுவோரும், சரம் பின்னுவோரும், சீட்டு ஒட்டிப் பெட்டியில் அடைப்போரும் பெரும்பாலும் பெண்கள். தரையில் ஒரு காலை மடித்து மறுகாலை நீட்டி, தலையைக் குனிந்து, மணிக்கணக்கில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தீப்பெட்டித் தொழிலில் கட்டை அடுக்கும் வேலையும் இத்தகையதே. இயந்திரம் வந்தபின் அது குறைந்ததாயினும், அதில் உழைத்துத் தேய்ந்த விரல்களும் தோள்களும் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றன. அச்சகங்களில் காகிதக் கட்டுகளைத் தூக்குவோர், மண்டிகளில் மூட்டை சுமப்போர், லாரிகளில் பெட்டி ஏற்றும் லோடுமேன்கள் ஆகியோரின் முதுகு வேறு வகையில் அடிபடுகிறது.

ஒரே நிலையில் நெடுநேரம் இருக்கும் தசை, வெளிப் பார்வைக்கு ஓய்ந்திருப்பதாகத் தோன்றினாலும் உள்ளே சுருங்கியபடியே இருக்கிறது. சுருங்கிய தசை தன்னூடே செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. உயிர்வளி குறைகிறது, கழிவு தேங்குகிறது, வலி பிறக்கிறது. எழுந்து நின்று நாலடி நடந்தால் தசை தளர்ந்து இரத்தம் பாயும். அந்த நாலடியைத்தான் நம் தொழிலாளி நடக்க முடிவதில்லை.

ஏன் நடக்க முடிவதில்லை? இங்கேதான் பொருளியல் நுழைகிறது. கூலி எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கிறது. எத்தனை குரோஸ், எத்தனை கட்டு என்பதே பேச்சு. நிமிரும் நேரம் கூலியில் கழியும் நேரம். தீபாவளி நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. மழையாலோ தடையாலோ ஆலை மூடிக் கிடந்த நாட்களின் இழப்பையும் அம்மாதங்களிலேயே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. 2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பின்னர், சரம் பின்னி வாழ்ந்த கைகள் வேறு வேலையைத் தேட நேர்ந்தது. வேலை நிலையில்லாதபோது, கிடைத்த நாளில் முதுகு ஒடிய உழைப்பதே நியதியாகிறது.

என் தாயார் குழாய் உருட்டும் தொழிலாளி. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன், கழுத்துப் பிடிப்புக்காக அவர் இந்நாடாவை ஒட்டிக்கொண்டார். இரண்டு மூன்று நாட்கள் வலி சற்றுக் குறைந்தது. குறைந்ததும் அவர் ஓய்வெடுத்தாரா என்றால் இல்லை. "கூடக் கொஞ்சம் உருட்ட முடியுதுய்யா" என்று மகிழ்ந்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். அடுத்த வாரம் நாடா உரிந்தபோது வலி கழுத்திலிருந்து தோளுக்கும் இறங்கியிருந்தது. வலி என்பது உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைத் துணியால் சுற்றிவிட்டால் ஓசை கேட்காது, நெருப்பு அணையாது. நெருப்போடு வாழும் நம் ஊராருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

'மாத்திரையைவிட நாடா மேலல்லவா?' என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியில் நியாயம் உண்டு. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் ஊசிகளையும் மருத்துவரின் சீட்டு இல்லாமல் நாள்தோறும் பயன்படுத்துவோர் நம்மிடையே பலர். அவை இரைப்பையில் புண் உண்டாக்கும். சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும். அவற்றோடு ஒப்பிட்டால் நாடா தீங்கு குறைந்ததே. அதனால் நாடா ஒட்டுவோரை நான் பழிக்கவில்லை. தீங்கு குறைந்தது என்பதும் நோயைத் தீர்ப்பது என்பதும் வெவ்வேறு என்று மட்டுமே சொல்கிறேன்.

'வலி குறைந்தால் போதாதா? காரணத்தை யார் தேடுவது?' என்பது மற்றொரு கேள்வி. எல்லா வலியும் தசை வலி அல்ல என்பதே இதற்கு மறுமொழி. இடுப்புவலியோடு காலில் மரமரப்பும் பலக்குறைவும் தோன்றினாலோ, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலோ நாடாவை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. மார்பிலும் இடக்கையிலும் தாடையிலும் பரவும் வலியை 'மூச்சுப் பிடிப்பு' என்று எண்ணி நீவிவிட்டுக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் உயிர் பிரிந்த செய்திகளை நாம் கேட்டதில்லையா?

'உழைக்கிறவனுக்கு வலி சகஜம்' என்று சிலர் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழியை அவர்களுக்கு நினைவூட்டுவதே போதும். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 62 கோடிப் பேர் இடுப்புவலியால் வருந்தியதாகக் கணக்கிட்டுள்ளனர். மனிதரை முடக்கிப்போடும் காரணங்களில் முதலிடம் இதற்கே.

மருந்து அறைக்கு ஓர் எச்சரிக்கை

நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் நைலான், பாலியெஸ்டர் உடைகள் கூடாது. பருத்தி ஆடையே உடுத்த வேண்டும் என்பது பட்டாசுத் தொழிலில் யாவரும் அறிந்த விதி. உராய்வால் எழும் நிலைமின்சாரப் பொறி ஒன்றே போதும், அலுமினியப் பொடி கலந்த மருந்தைப் பற்றவைக்க. ஒட்டுநாடாவைச் சரேலென்று உரித்தெடுக்கும்போதும் நிலைமின்னேற்றம் உண்டாகும் என்பதை இயற்பியல் மாணவர்கள் அறிவர். சந்தையில் விற்கும் நாடாக்களில் செயற்கை இழையால் ஆனவையும் உள்ளன. ஆகவே மருந்து அறையில் வேலை செய்வோர் இதை ஒட்டிக்கொண்டு உள்ளே செல்வதற்கு முன் ஆலையின் போர்மேனைக் கேட்டாக வேண்டும். எக்காரணம் கொண்டும் அறைக்குள் உரிக்கக் கூடாது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. சிறு பொறிதானே என்று இங்கு எவரும் சொல்ல முடியாது.

இன்னொன்று: வியர்வையும் மருந்துத் தூசியும் படிந்த தோலில் பல நாள் நாடா ஒட்டிக்கிடந்தால் அரிப்பும் கொப்புளமும் தோன்றலாம். புண், தீக்காயம், தோல் நோய் உள்ள இடங்களில் ஒட்டவே கூடாது. நீரிழிவு உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது.

செய்ய வேண்டுவன

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் நெடுநாள் இடுப்புவலிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் தருதல், முறையான உடற்பயிற்சி, நீவுதல் போன்ற சில இயன்முறைகள் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்பில் இறுக்கிக் கட்டும் பட்டைகளைப் பெரும்பாலோர்க்கு வேண்டா என்றது. பரிந்துரைத்தவற்றுள் முதன்மையான இரண்டுக்கும், அதாவது விளக்கத்துக்கும் உடற்பயிற்சிக்கும், கடையில் விலை கொடுக்க வேண்டியதில்லை. வேண்டியது நேரமும் கற்றுக்கொடுக்க ஓர் ஆளும்தான்.

முதலாவதாக, நேரம். தமிழக அரசு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுதும் நின்றே வேலை செய்த கடைப் பணியாளருக்கு உட்காரும் உரிமையை வழங்கியது. போற்றத்தக்க செயல். ஆனால் நம் மாவட்டத்துப் பெண்ணுக்கு வேண்டுவது எழுந்து நிற்கும் உரிமை. மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து, கையை உயர்த்தி, கழுத்தைத் திருப்பி, நாலடி நடக்கும் உரிமை. அந்நேரம் அவள் கூலியில் கழியாதபடி எண்ணிக்கைக் கூலியை வகுக்க வேண்டும். 'எட்டு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் வீணா?' என்று முதலாளிமார் கேட்கலாம். வலியால் மாதத்தில் நாலு நாள் வராமல் போவதும், வந்த நாளிலும் பிற்பகலில் கை தளர்வதும் அவர்கள் கணக்கில் ஏறுவதில்லை. ஏற்றிப் பார்த்தால் அந்நாற்பது நிமிடம் நட்டமாகத் தோன்றாது.

இரண்டாவதாக, இருக்கை. தரையில் அமர்வதற்குப் பதிலாகத் தாழ்ந்த மரப்பலகை ஒன்றும், முழங்கால் உயரத்துக்கு ஒரு மரமேடையும் இருந்தால் குனிவது பெரிதும் குறையும். இரும்பு கூடாத இடங்களிலும் மரம் கூடும். இதற்காகும் செலவு பெரிதன்று, எண்ணம்தான் வேண்டும்.

மூன்றாவதாக, சுமை. ஆண் தொழிலாளி ஒருவர் தனியே சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படாதவாறு குறைக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் தீங்கு விளைக்கும் அளவுக்கு எவரையும் சுமக்க வைக்கலாகாது என்றே கூறியது. நூறு கிலோ மூட்டைகளை முதுகில் ஏற்றிய காலத்தின் தழும்பு நம் மண்டித் தொழிலாளரின் முதுகெலும்பில் இன்றும் இருக்கிறது. சிறு மூட்டையும் தள்ளுவண்டியும் இருவர் சேர்ந்து தூக்கும் பழக்கமும் அடுத்த தலைமுறையையாவது காக்கட்டும்.

நான்காவதாக, ஆள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளோடு, இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்பிப் பயிற்சி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. எனினும் கழுத்துவலிக்கு இயன்முறை மருத்துவரை நாடலாம் என்பதே நம் தாய்மார் பலருக்குத் தெரியாது. ஊசி போடுபவரைத் தெரியும், சுளுக்கு எடுப்பவரைத் தெரியும், இவரைத் தெரியாது.

ஐந்தாவதாக, நாம். 1969-ஆம் ஆண்டு காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் ஊர்களுக்குச் சென்று முகாமிடுகிறோம். கோவில் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். வரும் முகாமில் வேறொன்றும் செய்வோமா? வீடு வீடாகச் சென்று, என்ன வேலை, எத்தனை மணி நேரம், எப்படி உட்கார்ந்து, எங்கே வலி, எத்தனை நாளாக, அதற்கு என்ன செலவு என்று ஆறு கேள்விகள் கேட்டு எழுதுவோம். பொருளியல் துறையினர் தொகுக்கட்டும். கணிதத் துறையினர் கணக்கிடட்டும். தமிழ்த் துறையினர் எல்லார்க்கும் புரியும் தமிழில் அறிக்கை எழுதட்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், ஆலை உரிமையாளர் முன்னும் தொழிலாளர் துறை முன்னும் வைக்கத்தக்க ஆவணம் ஒன்று உருவாகும். கூடவே இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து, உட்கார்ந்த இடத்திலேயே செய்யத்தக்க நான்கு பயிற்சிகளை ஊராருக்குக் கற்றுக்கொடுப்போம்.

நம் விளையாட்டு வீரர்களுக்கும் ஒரு சொல். வண்ண நாடா ஒட்டிக்கொண்டால் ஒலிம்பிக் வீரராகிவிட முடியாது. ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றுங்கள். ஆடிய பின் தசையைத் தளர்த்துங்கள். அடிபட்டால் ஆறும்வரை ஆடாதீர்கள். விளையாட்டு நிதியில் நாடாச் சுருள் வாங்கும் பணத்தை வைத்து, ஆண்டுக்கு இரு முறை தகுதியுள்ள இயன்முறை மருத்துவரை வரவழைத்துப் பயிற்சி பெறுவது நன்று என்பது என் கருத்து.

முடிவாக

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். இந்தியாவின் தீபாவளி வானத்தில் நாம் எழுதும் வண்ணச் சித்திரங்கள் எல்லாம் நம் தாய்மாரின் முதுகு என்னும் சுவர்மேல் எழுதியவையே. அச்சுவரில் விரிசல் கண்டால் வண்ணத் தாள் ஒட்டி மறைப்பது அறிவுடைமை ஆகாது.

நாடாவை விற்போர் விற்கட்டும். ஒட்டுவோர் அறிந்து ஒட்டட்டும். ஆனால் மணிக்கு ஐந்து நிமிடம், ஒரு மரப்பலகை, இளைத்த மூட்டை, கற்றுக்கொடுக்க ஒரு மருத்துவர் ஆகிய இந்நான்கையும் கேட்டுப் பெறும் வரை நாடாவோடு நிறைவடைந்துவிடக் கூடாது. தாய் குனிந்து உழைத்ததால் கல்லூரிக்கு வந்தோம். அவள் நிமிர்ந்து நிற்க நாம் கற்ற கல்வி பயன்படாவிட்டால், அக்கல்வியால் யாருக்கு என்ன பயன்? வரும் முகாமிலேயே தொடங்குவோமாக.